காதுமடலில் ஒரு சொட்டு

நானூறு மீட்டர் முடிந்ததும் சங்கமித்ரா ஓடுதளத்தின் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

காலையில் தின்ற இட்லி அப்படியே வந்தது. தொடை இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிந்தன.

நிமிர்ந்து பார்த்தால், ரூபினி நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஹாஸ்டல் இட்லி மண்ணுக்குப் படையலா?"

சிரிக்க வேறு செய்தாள். வாந்தி எடுத்தவள் முன்னால் நின்று மூச்சு வாங்காமல் சிரிப்பதற்கு ஒரு திமிர் வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரம். ஐம்பத்தாறு புள்ளி இரண்டு விநாடி. கர்நாடக ரிலே அணியில் மூன்று பேர் ஏற்கெனவே முடிவாகிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு இடம்.

ரூபினி தொம்மலூரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்த அன்றே பயிற்சியாளர் முனியப்பன் அவளை 'மான்குட்டி' என்றார். ஐந்து வருடமாக ஓடும் சங்கமித்ரா அவருக்கு இன்னும் 'ஏய், ரெண்டாவது லேன்'தான்.

நேரம் சமமாகிவிட்டதால் ரத்தத்தைக் கேட்போம் என்றார் முனியப்பன்.

மைதானக் கட்டடத்தில் அந்த வருடம்தான் பரிசோதனைக்கூடம் வந்திருந்தது. டாக்டர் யசோதா முதல் நாளே விளக்கியிருந்தார். தின்ற சோறு சர்க்கரையாகித் தசைக்குப் போகிறது. அங்கே ஒவ்வொரு செல்லும் மூச்சில் வந்த ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையை நிதானமாக, முழுசாக எரித்துச் சக்தி எடுக்கிறது. தலைதெறிக்க ஓடும்போது அந்த வேகத்துக்கு ஆக்சிஜன் போதாது. அப்போது செல் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைப் பாதியில் உடைத்து அவசரச் சக்தி எடுக்கும். அந்தப் பாதியில் மிஞ்சுவது லாக்டேட். ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடும்.

எண் ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா என்று டாக்டர் சொல்லவில்லை.

சங்கமித்ரா கேட்கவும் இல்லை. அவளுக்குத்தான் தெரியுமே! பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவர்கள் சாப்பாட்டு மேஜையில் தினமும் பீற்றிக்கொள்வது அதைத்தானே? "எனக்கு நாலைத் தாண்டாது மச்சி. ஏறினா ஆள் காலி."

உதவியாளர் சின்னத்தாயி இருவர் காதுமடலிலும் ஊசியால் குத்தி, வந்த சொட்டைச் சின்னக் குழாய்களில் பிடித்தாள். பெயர் எழுதிய சீட்டை ஒட்டினாள். ஐஸ் டப்பாவில் வைத்தாள். டாக்டரைக் கூப்பிட உள்ளே போனாள்.

ரூபினி ஜன்னல் பக்கம் திரும்பிப் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

எரிந்தது என் தொடை. வாந்தி எடுத்தது நான். ஏறியிருக்கப் போவது என் எண்.

ஈரத்தில் சீட்டுகள் சுலபமாக உரிந்தன. சங்கமித்ரா இதை அதிலும் அதை இதிலும் ஒட்ட, பத்து விநாடிகூட ஆகவில்லை.

அரைமணி நேரத்தில் டாக்டர் தாளோடு வந்தார்.

"ரூபினி பதினெட்டு. சங்கமித்ரா பதினொண்ணு."

சங்கமித்ராவின் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

"அப்ப யாரைப் போடறது மேடம்?" என்றார் முனியப்பன்.

"நெடுந்தூரம்னா யோசிப்பேன். இது நானூறு சார். ஆக்சிஜன் பத்தாதப்பவும் எந்தத் தசை விடாம சக்தி எடுக்குதோ, அதுதான் கடைசி அம்பது மீட்டருக்குத் தாங்கும். நேரம் சமம்னா, எனக்குப் பதினெட்டுதான் வேணும். ரூபினியைப் போடுங்க."

முனியப்பன் பேனாவைத் திறந்தார்.

"சொல்ப... கொஞ்சம் இருங்க சார்" என்று டாக்டரே தடுத்தார். சங்கமித்ராவை ஏற இறங்கப் பார்த்தார். "வாந்தி எடுத்தது இவதானே? இவளுக்குப் பதினொண்ணா? சின்னத்தாயி, சீட்டை மாத்தி ஒட்டிட்டியா?"

சின்னத்தாயிக்கு முகம் வெளுத்தது. போன மாதம்தான் ஒரு குழாயை உடைத்துத் திட்டு வாங்கியிருந்தாள்.

"இல்ல மேடம். பாத்துதான் ஒட்டினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பாத்துதான் ஒட்டின மாதிரி இருக்கு."

"பன்னெண்டு மணிக்குள்ள ஃபேக்ஸ் போகணும். மறுபடி ஓட வைக்க நேரமில்லை" என்றார் முனியப்பன். "தப்பு இந்தம்மாவோடதுன்னா சொல்லட்டும், பேரை மாத்திடறேன். ஆனா நாளையிலேருந்து இவங்க இங்க வேணாம். ஏய், ரெண்டாவது லேன், நீ பக்கத்திலதானே உட்கார்ந்திருந்தே? பாத்தியா இல்லையா?"

'கவனிக்கலை சார்.' இரண்டே வார்த்தை. சொன்னால் தப்பு சின்னத்தாயி தலையில் விழும், பதினெட்டு அவள் பெயருக்கு வந்துவிடும். திருட்டும் இல்லை, அது அவளுடைய பதினெட்டுதான்.

சின்னத்தாயி இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரமே இல்லை.

"சரியாத்தான் ஒட்டினாங்க சார்" என்றாள் சங்கமித்ரா. "நான் பாத்தேன்."

அது பொய்யில்லை.

ரூபினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, வேற யாராவதா இருந்தா இந்நேரம் வாயைத் திறந்திருப்பாங்களாக்கா?"

"விடுடி, வேர்வை" என்று அவளை விலக்கினாள் சங்கமித்ரா.

அடுத்த அறையில் ஃபேக்ஸ் கறகறவென்றது. ரூபினி என்ற பெயருக்கு நேரே பதினெட்டு என்று இருந்த அந்த வரியை இயந்திரம் உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை, சங்கமித்ரா அந்த அறை வாசலில் கண்ணை எடுக்காமல் நின்றாள்.