இருட்டுக்கென்றே ஒரு கமரா

ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவுப் பூசைக்காகக் கோயில் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தார்கள்.

பதினொரு வருடமாக இந்தப் பூசைக்குப் படம் எடுத்தவன் நான். இந்த வருடம் வாசலோரம் கடைசி வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"உம்மடை பிளாஷ் மின்னினா இருட்டே இருக்காது. இந்த முறை பிரகாஸ் எடுக்கட்டும்" என்று பாதர் கோயில் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பிரகாஸ் மீன் பிடிக்கிறவன். அவனுக்குப் பிரான்சிலிருந்து தங்கை ஒரு கமரா அனுப்பியிருந்தாள். கும்மிருட்டும் திரையில் பகல்போல் தெரியுமாம். வெளிச்சம் வாங்கும் திறன், ஐ.எஸ்.ஓ., லட்சத்தைத் தாண்டுமாம். எனக்கு ஸ்டூடியோ இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பிரான்சில் தங்கைதான் இல்லை.

அது வந்த நாளிலிருந்து பொழுதுபட்டால் அவன் கமராவைக் கீழே வைத்ததில்லை. கடைக்குப் போனாலும் திரையைப் பார்த்தபடிதான் நடப்பான். விடிய நாலு மணிக்குப் படகுக்குப் போகும்போதும் அப்படித்தான். பெரிய கலைஞர் அல்லவா! குருநகர் இறங்குதுறை நாய்கள்கூட போஸ் கொடுக்கப் பழகிவிட்டன.

இப்போதும் பீடத்தடியிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டு மிடுக்காக வாசலை நோக்கி வந்தான். ஒரு வாங்கிலும் இடிபடவில்லை. பாஸ்கா திரி ஏற்ற வெளியே மூட்டிய புது நெருப்பின் வெளிச்சம் வாசலால் கொஞ்சம் வந்தது. அவனுடைய பெருமையைப் பார்க்க எனக்கு அது போதும்.

என் வாங்கடிக்கு வந்ததும் திரை அணைந்தது. பற்றரி முடிந்துவிட்டது.

எனக்கு வந்த சந்தோசத்தைக் கோயிலுக்குள் சொல்லக்கூடாது.

அவன் வேறு பற்றரி போடவில்லை. நின்ற இடத்தில் அப்படியே நின்றான். பிறகு கையை நீட்டிக் காற்றைத் துழாவினான்.

"என்ன கலைஞர், வழி தெரியேல்லையோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஓம் அண்ணை" என்றான். என் குரலை வைத்துத் தோளைத் தேடிப் பிடித்தான். "பொழுதுபட்டா எனக்குக் கண் ஒண்டும் தெரியாது. படகுக்காரருக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் என்னைக் கடலுக்கு ஏத்தமாட்டினம். மூண்டு பிள்ளையள் அண்ணை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நகர்ந்து, அவனைப் பக்கத்தில் இருத்தினேன். விளக்குகள் போட்ட பிறகும், பூசை முடியும்வரை கமரா அவன் மடியில் கிடந்தது.

முடிந்ததும் பாதர் நேரே எங்களிடம் வந்தார். ஒரு மின்னல் இல்லை, ஒரு சத்தம் இல்லை, படம் எடுப்பதென்றால் இப்படித்தான் எடுக்கவேண்டும் என்றார். படங்களை உடனே பார்க்க வேண்டுமாம்.

பிரகாஸ் கமராவை இறுகப் பிடித்துக்கொண்டான். நான் கமராவை வாங்கி மெமரி காட் போடும் மூடியைத் திறந்தேன்.

உள்ளே காட் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மூடியைச் சாத்தினேன்.

"பாப்பமெண்டு வாங்கினனான் பாதர். கை பட்டு எல்லாம் அழிஞ்சுபோச்சு."

பாதர் என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார். பிறகு பிரகாஸின் முதுகில் தட்டி, அடுத்த வருடமும் நீர்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.