மீதி தெளிவாக இல்லை

டுலூத் நகரில், குரல் செய்திகளை எழுத்தாக்கித் தரும் சின்னக் கம்பெனி அது. இயந்திரம் தடுமாறும் செய்திகளைக் கேட்டுத் திருத்துவது லொரெய்னின் வேலை. கென்ட்டுக்கு அவன் மனைவி பெய்ஜ் அனுப்பும் செய்தி வந்தாலே அவளுக்கு வயிறு எரியும். துறைமுக இரைச்சலில் வேலை செய்யும் கென்ட், எழுத்தைத்தான் படிப்பான்.

"டார்லிங், இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உனக்குப் பிடிச்ச மீன் வறுக்கப் போறேன்..."

அதற்குமேல் கேட்கப் பிடிக்காமல் நிறுத்தினாள். 'மீதி தெளிவாக இல்லை' என்று தட்டினாள்.

பக்கத்து இருக்கை பெர்னிஸ் பார்த்துவிட்டாள். "இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டியா? அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடி!"

"தெரியும். நானும்தான் போயிருந்தேன். அவ வர்ற வரைக்கும் என்னையே சுத்திச் சுத்தி வந்தவன். இப்ப எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை."

பெர்னிஸ் ஹெட்போனைப் பிடுங்கி மீதியைக் கேட்டாள். அவள் முகம் மாறியது. அதை லொரெய்னின் காதில் மாட்டினாள்.

"...வர்ற வழியில உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. போன தடவையும் சொன்னேன், செய்தி முழுசா வரலைன்னு தனியா வந்து நின்னே. பாவம் கென்ட், லொரெய்ன் ஒத்தையில சாப்பிடுவாங்க."

லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருமகள் சொன்னதை முதல் முறையாக ஒரு சொல் விடாமல் தட்டினாள்.