இணைப்பில் இருங்கள்

"உந்தக் கோலையும் கட் பண்ணிப் போட்டியளோ அண்ணை? அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினது!"

வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்த கந்தப்பு கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் சீவரத்தினம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போன் கம்பனியின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தை மறுபடியும் அழுத்தினார். போன் என்னவோ கந்தப்புவினுடையதுதான். ஆனால் விடிந்ததிலிருந்து அது சீவரத்தினத்தின் கையில் இருக்கிறது.

"பேர் ஷெரோனாம். என்ன கேட்டாலும் 'மன்னிக்கவும் ஐயா' எண்டுது. சரிவராது. வேறை ஆள் வரோணும்."

அவருடைய முறைப்பாடு சின்னதுதான். மாதக்கணக்காகத் தன் போனிலிருந்து ஒரு நம்பருக்கு எடுக்கிறார், போவதில்லை. புத்தூரில் சிக்னலுக்குக் குறைவில்லை. மற்ற எல்லாருக்கும் எடுக்க முடிகிறது. அந்த ஒரு நம்பர்தான் மனுசனைப் படாத பாடு படுத்துகிறது.

'தமிழுக்கு இரண்டை அழுத்தவும்' என்றது போன். அழுத்தினார். பாட்டு வந்தது. கம்பனிக்காரருக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும், அதுவும் பாதிதான் தெரியும் போலிருக்கிறது. இடையிடையே ஒரு குரல், 'உங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது, இணைப்பில் இருங்கள்' என்று கூசாமல் சொன்னது.

"என்ரை போனிலையிருந்து அந்த நம்பருக்கு ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்."

"அடிச்சனான். போகுது. நான் வாயைத் திறந்தவுடனை கட்டாகுது."

"அப்ப கம்பனியின்ரை பிழையேதான்!" கந்தப்பு தீர்ப்பே சொல்லிவிட்டார். "உந்தக் கம்பனியை விட்டிட்டு, சுன்னாகத்துக்குப் போய் வேறை கம்பனிச் சிம் ஒண்டை எடுங்கோ."

"விடமாட்டன். அந்த நம்பரோடை கதைச்சிட்டுத்தான் எனக்கு இண்டைக்குச் சாப்பாடு."

பாட்டு நின்றது. "வணக்கம், நான் சுபாஸ்கரன். உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றான் ஓர் இளைஞன். பொறுமையாகக் கேட்டான். போனை ஒருதரம் நிற்பாட்டிப் போடச் சொன்னான். சீவரத்தினம், "சரி தம்பி" என்று அவனையே நிற்பாட்டிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

கந்தப்புவுக்குப் பொறுக்கவில்லை. "விசயம் தெரிஞ்ச ஒராளைக் கேட்டு எடுங்கோவன்."

"கேட்டால் குடுக்கமாட்டினம். ஆர் எடுக்கினமோ அவையோடைதான் கதைக்கோணும்."

மறுபடி இரண்டு. மறுபடி அந்தப் பாதிப் பாட்டு. ஒருத்தி சிக்னல் நன்றாக இருக்கிறது என்றாள். ஒருவன் எதிர்ப்பக்கத்தில் பிழை இருக்கலாம் என்றான். இருவருக்கும் நன்றி சொல்லி வைத்தார். வெயில் ஏறிவிட்டது. கட்டின பிடிகளையெல்லாம் கந்தப்பு கொட்டிலுக்குள் தூக்கிக்கொண்டுபோய்த் தொங்கவிட்டு வந்தார். அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, இந்த மனுசனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"அண்ணை, சார்ச் முடியப்போகுது."

"முடியட்டும். அதுக்கிடையிலை இன்னும் ஒருக்கா."

பாட்டு நின்றது.

"வணக்கம், நான் கஜானி. உங்களுக்கு எப்படி உதவலாம்?"

சீவரத்தினம் சட்டென்று எழும்பினார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். இத்தனை நேரமும் உரத்துக் கதைத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நம்பருக்கு எடுக்கிறன் பிள்ளை. போகுதே இல்லை."

 மறுமுனையிலிருந்து மெதுவாக வந்தது கேள்வி.

"எந்த... எந்த நம்பர், ஐயா?"

"கிறிஸ்ரோபரைக் கட்டினதுக்கு நான் ஏசினாப்பிறகு என்ரை நம்பரை மறிச்சு வைச்சிருக்கிறியே, உன்ரை நம்பர்தான். அப்பா கதைக்கிறன், வைச்சிடாதை கஜானி. வாடிக்கையாளர் வைக்காமல் நீங்கள் வைக்கக் கூடாதெண்டு அறிஞ்சுதான் இஞ்சை எடுக்கிறன்!"