வடிவமைத்தவர் பெயர்

உலகத்தில் ரேடியோவைப் படைத்தவர்கள் இரண்டே பேர் என்றும், அதில் இரண்டாவது ஆள் தான்தான் என்றும் ஓசூர் இன்னாசிமுத்து உறுதியாக நம்பினான்.

கிருஷ்ணகிரி குலாம் முகம்மது வடிவமைத்து, உதிரிபாகங்களாகப் பொட்டலம் கட்டி விற்பதை வாங்கிவந்து பொருத்தி, 'இன்னாசி ரேடியோ' என்று பெயர் எழுதி விற்பதுதான் அந்தப் படைப்பு.

"ஏங்க, அந்த பாய் பேரையும் ஓரமா எழுதுங்க. அதான நியாயம்," என்றாள் மனைவி ஜெபசீலி.

"இட்லி விக்கிறவ, ஆட்டுக்கல்லு கொத்துனவன் பேரையா எழுதி வெக்கிறா? போடி."

மறுவாரம் ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரி ரேடியோவோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர், ஆளுக்கொரு பெட்டியோடு.

"ஏம்பா இன்னாசி, எந்தப் பக்கம் திருகினாலும் பெங்களூர்க் கன்னடந்தான் பேசுது. தமிழ் வராதா?"

"கொஞ்சம் பழகுனா வந்துரும்ண்ணே."

"யாரு பழகணும், அதுவா நானா? சந்தையில உன் பேரைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க."

மத்தியானம் வரை திருகித் திருகி இன்னாசிமுத்துவின் விரல்கள் சிவந்தன. கன்னடம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

கடைசியில் பெயிண்டையும் பிரஷையும் எடுத்தான். பொழுது சாய்வதற்குள் ஏழு பெட்டிகளிலும் குலாம் முகம்மதுவின் பெயர் கொட்டை எழுத்தில் ஏறியிருந்தது, தெருப் பெயரோடும் கதவு எண்ணோடும்.