முப்பது குதிரை

மலை ஏற்றத்தில் தக்காளி லோடோடு ஒரு 'குட்டியானை' மினி லாரி தன்னை முந்திப் போனதிலிருந்து, அந்த டீசல் வேனின் என்ஜினுக்கு மனசே சரியில்லை.

"ரீமேப் பண்ணப் போறாங்க," என்றது ஒருநாள். "லேப்டாப்பைச் செருகி என் மூளையை மாத்தி எழுதினா, முப்பது குதிரை சக்தி கூடுதலா வருமாம். ஓனர் சரின்னுட்டார்."

"வரட்டும்ணே," என்றது கிளட்ச் பிளேட். "ஆனா அத்தனை குதிரையும் என் முதுகுல ஏறித்தானே சக்கரத்துக்குப் போகணும்? நானே தேய்ஞ்சு அப்பளமா இருக்கேன். முதல்ல என்னை மாத்தச் சொல்லுங்களேன்."

"ஒருத்தன் முன்னேறினா உனக்குப் பொறுக்காதே! இதுல உனக்கும்தானே பெருமை?"

"பெருமை உங்களுக்கு வரும்ணே. கருகல் வாசனைதான் எனக்கு வரும்."

மறுநாள் என்ஜினுக்கு மூளை மாறியது. அது உறுமிய உறுமலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. மலையின் முதல் வளைவில் முப்பது குதிரைகளும் ஒன்றாகப் பாய்ந்தன. இரண்டாம் வளைவில் கிளட்ச் பிளேட் கருகிப் புகையாகிப் போய்ச் சேர்ந்தது. வேன் நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

"என்கிட்ட ஒரு குறையும் இல்ல. இந்தச் சக்கரங்களுக்குத்தான் ஒத்துழைப்பு போதாது."

சற்று நேரத்தில் ஒரு கயிறு வந்தது. முப்பது குதிரைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தக்காளி லோடோடு குட்டியானை மேலே ஏறியது.

"ரீமேப்னா ரீமேப்தான்!" என்றது என்ஜின், சக்கரங்களிடம். "பாருங்க, மூச்சே வாங்காம ஏறுறேன்."