கணுக்கால் அளவு கடல்

தாழ்வுபாட்டுக் கரையில், காயப்போட்ட கருவாட்டின் மேல் காலை வெயில் மினுங்குகிறது. கவிழ்த்த படகொன்றில் மடிக்கணினியோடு இருக்கும் பிரஷாந்தி, கடலுக்குள் நிற்கும் தோழி கலாராணியையே பார்க்கிறாள். அகதியாகப் படகேறிய ஆறு வயதில் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவள் கலாராணி. ஊர் திரும்பி ஏழு வருடமாகியும் போன கிழமைவரை தண்ணீரில் கால் வைக்காதவள். அவளுக்காகத்தான் பிரஷாந்தி இந்தச் செயலியைச் செய்கிறாள். ஒருத்தி தன் சின்ன முயற்சியைப் பதிந்தால், தோழிகளின் போன்களில் கோயில் மணி ஒலிக்கும். "நேற்று முழங்கால்மட்டும் போனனான். இண்டைக்குக் கணுக்கால்தான். தோத்திட்டன் எண்டு போடடி," என்றபடி கலாராணி கரைக்குத் திரும்புகிறாள். பிரஷாந்தி 'கணுக்கால்' என்று தட்ட, திரையிலும் ஒரு சிவப்பு அம்பு கீழ்நோக்கி நிற்கிறது. முந்தின நாளைவிடக் குறைந்தால் காட்டட்டும் என்று அதை வைத்தவள் பிரஷாந்திதான். அத்தனை பயத்தோடும் கலாராணி இன்றும் கடலுக்குள் இறங்கினாளே, அது அந்த அம்புக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு அம்பை அழித்துவிட்டு, 'கணுக்கால்' என்று மட்டும் பதிகிறாள். கருவாட்டுப் பந்தலில் மீன் வெட்டும் தோழி யசோதாவின் இடுப்பில் செருகிய போனில் மணி ஒலிக்கிறது. அடுத்து, பக்கத்தில் நிற்கும் புஸ்பத்தின் கூடைக்குள். "கணுக்காலுக்கும் மணியோடி?" என்கிறாள் கலாராணி. "இன்னும் ரெண்டடி போனா நண்டோட வரலாமடி!" என்று செதில் ஒட்டிய கையை உயர்த்திக் கத்துகிறாள் யசோதா. கலாராணிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்தபடியே, கரையில் வைத்த காலைத் திரும்பவும் அலைக்குள் வைத்து, கடலைப் பார்த்து நிற்கிறாள்.