சர்க்கரை போடாத டீ

"எங்கிட்டயே வேலை பாத்துட்டு என் மேலயே கேஸ் போடுவியாடா? நல்லா இருப்பியா நீ?"

கடலூர் லேபர் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார் சபாபதி. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் முதலாளி.

சவரிராயன் தலையைத் தூக்கவே இல்லை. மில் பெல்ட்டில் சிக்கிய வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றான். இன்னொரு ஆபரேஷன் பண்ணினால்தான் மிச்ச விரலாவது மடங்கும். அதற்குத்தான் இந்த நஷ்டஈட்டு கேஸ். இன்று ஆர்டர்.

எதிர் டீக்கடை மாரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, நீ வா, இப்டி உக்காரு. டீ குடி."

சபாபதியும் ஒரு டீ கேட்டார். டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"என்னக்கா, சக்கரையே இல்ல?"

"கை போன புள்ளைய நடுரோட்டுல திட்டுற வாய்க்கு சக்கரை ஒண்ணுதான் கேடு!"

பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த, மில்லுக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனியின் வக்கீல் சிரித்தார். சபாபதி முறைத்துக்கொண்டே குடித்து முடித்தார்.

மத்தியானம் ஆர்டர் வந்தது. ஆபரேஷன் உட்பட எல்லாச் செலவும் இன்சூரன்ஸ் கம்பெனி தலையில்.

வக்கீலின் கார் தெரு திரும்பியதுதான் தாமதம், சபாபதி ஓடிவந்து சவரிராயனைக் கட்டிக்கொண்டார். அவனை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, டிபன் பாக்ஸைத் திறந்து, மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தார்.

மாரியம்மாள் வாயைப் பிளந்தாள். "என்னய்யா கூத்து இது?"

"கை போனது நெசம்க்கா. ஆனா நாங்க சிரிச்சுப் பேசறதப் பாத்தா, ரெண்டு பேரும் கூட்டு, பொய்க் கேஸுன்னு அந்த வக்கீல் கெளப்பி விட்டுருவாரு. அதான் அந்தத் திட்டு."

"ஆனா இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி மொதலாளி," என்றான் சவரிராயன், வாயில் சோற்றோடு.

மாரியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. புது டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு சபாபதியிடம் நீட்டினாள்.

"என்னமோ போய்யா. உன் மேல கேஸ் போட்டவனுக்கே ஊட்டி விடுறியே, உனக்குப் பெரிய மனசுதான்."

சவரிராயன் சோற்றை அவசரமாக விழுங்கினான்.

"நான் எங்கக்கா போட்டேன்? மொதலாளி மேல கேஸ் போட மாட்டேன்னு மாதா கோயில்ல போய் ஒளிஞ்சவனை, எனக்குன்னு ஒரு வக்கீலையும் கூட்டிட்டு வந்து இழுத்துட்டுப் போயி கையெழுத்துப் போட வச்சதே இவருதான்!"